புல் வளர்க்கச் சொன்ன விதி, புல்லை அகற்றச் சொன்ன விதி: அமெரிக்கத் தென்மேற்கில் புல்தரை நீர்ப்பாசனக் கட்டுப்பாடுகளின் வரலாறு

அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவன நகரங்களில் வீட்டு முன்புறப் புல்லுக்கு எந்தக் கிழமையில் தண்ணீர் விடலாம், எத்தனை நிமிடம் விடலாம், அந்தப் புல் அங்கே இருக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்பவை பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளே. கொலராடோ ஆற்றை மாநிலங்களுக்குப் பங்கிடுவது கூட்டாட்சி அரசின் வேலை. நீருரிமை யாருக்கு என்பது மாநிலச் சட்டத்தின் பொருள். ஆனால் ஓஸ் பைப்பின் முனையில் செல்லுபடியாகும் விதியை இயற்றுவது நகரமன்றமோ, நீர் வாரியமோ, கவுண்டி நிர்வாகமோதான். இவ்விதிகள் முதலில் கடிகாரத்தைப் பார்த்தன. பிறகு மீட்டரைப் பார்த்தன. இப்போது நிலத்தையே பார்க்கின்றன. இந்த மாற்றத்துக்கு வறட்சி ஒன்றே காரணம் என்று சொல்வது வழக்கம். ஆவணங்களை வரிசையாகப் பார்த்தால், குழாயின் அழுத்தமும் ஆற்றுக் கணக்கின் விநோதமும் வறட்சி அளவுக்கே பங்காற்றியிருப்பது தெரியும். அந்தக் கணக்கு மிகத் துலக்கமாக வெளிப்படும் இடம் நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ். அரிசோனாவின் டூசானும் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸும் அதற்கு முந்தைய கட்டங்களைக் காட்டுகின்றன.

புல் கடமையாக இருந்த காலம்

வெட்டிச் சீராக்கிய புல்தரை இங்கிலாந்தின் ஈரமான தட்பவெப்பத்தில் பிறந்த வழக்கம். அங்கே அதற்கு மழையே போதும். அமெரிக்கப் புறநகர்களுக்கு அதைக் கொண்டுவந்தவர்களுள் ஃப்ராங்க் ஜே. ஸ்காட் முக்கியமானவர். வீட்டுத் தோட்டக்கலை பற்றி 1870இல் வெளியான அவருடைய நூல், முன்புறத்தை வேலி போட்டு மறைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநீதி என்ற கருத்தைப் பரப்பியது. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையில்லாமல் ஓடும் பச்சை நிறம் அப்போதுதான் குடிமைப் பண்பின் அடையாளமானது.

அடையாளம் நாளடைவில் நிபந்தனையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க் அருகே எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பில், பருவகாலத்தில் வாரம் ஒருமுறையாவது புல்லை வெட்ட வேண்டும் என்பது வீட்டுப் பத்திரத்திலேயே இருந்தது. பல நகராட்சிகளின் களைச் சட்டங்கள் புல் எத்தனை அங்குலம் வளரலாம் என்று வரையறுத்தன. வீட்டு உரிமையாளர் சங்கங்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், புல் காய்ந்து பழுப்பானாலே அபராதம் விதித்தன. ஆக, புல்தரை பற்றிய முதல் உள்ளூர் விதிகள் தண்ணீரைக் கட்டுப்படுத்தப் பிறந்தவையே அல்ல. புல்லை உயிரோடு வைத்திருக்கச் சொன்னவை அவை.

கிழக்கிலிருந்து மேற்கே குடிபெயர்ந்தவர்கள் இந்த வழக்கத்தைக் கூடவே எடுத்துச் சென்றார்கள், மழையை எடுத்துச் செல்ல முடியவில்லை. லாஸ் வேகாஸில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 4 அங்குலம். ஆயினும் அந்த ஊரின் ஸ்பானியப் பெயருக்குப் பொருள் ‘புல்வெளிகள்’ என்பதே. பள்ளத்தாக்கின் நடுவே இயற்கையாகப் பொங்கிய ஊற்றுகளைச் சுற்றி வளர்ந்த புல்லைக் கண்ட பயணிகள் வைத்த பெயர் அது. 1905 மே மாதத்தில் ரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டு நகரத்தை உருவாக்கியபோது, அதன் துணை நிறுவனம் ஒன்று ஊற்றுநீரைக் குழாய் வழியே வழங்கியது. துளையிட்டால் தானே பீறிடும் ஆர்ட்டீசியன் கிணறுகளும் இருந்ததால், தண்ணீர் தீரும் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை. பல கிணறுகளுக்கு மூடிகூட இல்லாமல் இரவும் பகலும் நீர் வழிந்தோடியது. 1962இல் அந்த ஊற்றுகள் தரைக்கு வருவதை நிறுத்திக்கொண்டன.

அங்கே பெரும்பாலோர் நட்டது குளிர்ப் பிரதேசத்துக்குரிய உயர ஃபெஸ்கியூ வகை. கோடையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணமாக அடிக்கும் ஊரில் அதைப் பச்சையாக வைத்திருப்பது தண்ணீரின் வேலை. இன்னொரு வகைக்கு அமெரிக்கர் வைத்திருக்கும் பெயர் பெர்முடா புல். தமிழர் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. வெயிலுக்கு அஞ்சாது, தண்ணீரும் குறைவாகவே கேட்கும். ஆனால் குளிர்காலத்தில் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும் என்பதால் ஆண்டு முழுக்கப் பச்சை கேட்டவர்களுக்கு அது உவப்பாக இல்லை.

கடிகார விதிகள்

தண்ணீரைக் கட்டுப்படுத்திய முதல் விதிகளுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் அதிகத் தொடர்பில்லை. மீட்டர் இல்லாமல் மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய காலத்தில், மாலை நேரத்தில் எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் ஓஸ் பைப்பைத் திறந்தால் குழாயில் அழுத்தம் சரிந்துவிடும். தீ பிடித்தால் தீயணைப்பு வண்டிக்கு நீர் ஏறாது. அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல அமெரிக்க நகரங்கள் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தை வரையறுத்தன. தீ அபாயச் சங்கு ஒலித்தால் தெளிப்பதை நிறுத்த வேண்டும் என்ற விதியும் பரவலாக இருந்தது. ஒருவர் மொத்தம் எவ்வளவு நீர் விடுகிறார் என்பது பற்றி அவ்விதிகளுக்குக் கவலையில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் விடக்கூடாது, அவ்வளவுதான்.

இதே தர்க்கத்தின் நவீன வடிவத்தை டூசான் நகரத்தில் பார்க்கலாம். 1970களின் நடுவில் அந்நகரம் முழுக்க நிலத்தடி நீரையே நம்பியிருந்தது. வெயில் உச்சத்தில் இருக்கும் மாலைப் பொழுதில் தேவை திடீரென எகிறும்போது கிணறுகளும் பம்புகளும் ஈடுகொடுக்கத் திணறின. அந்தச் சில மணி நேர உச்சத்துக்காகவே புதிய கிணறும் புதிய குழாயும் போட வேண்டியிருந்தது. அந்தச் செலவை ஈடுகட்ட 1976இல் நகரமன்றம் தண்ணீர்க் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியது. பில் வந்து சேர்ந்தது கோடையின் உச்சத்தில். கொதித்தெழுந்த வாக்காளர்கள் 1977 ஜனவரியில் திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தி உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்து வந்தவர்களுக்கும் கணக்கு மாறிவிடவில்லை. கட்டணத்தைக் குறைக்க வழியில்லாததால், அவர்கள் உச்சத்தைக் குறைக்கும் வழியைத் தேடினார்கள். 1977 கோடையில் தொடங்கிய ‘உச்சத்தை வெல்’ இயக்கம், மாலை 4 மணி முதல் 8 மணிவரை தோட்டத்துக்கு நீர் விடாதீர், ஒன்றுவிட்ட நாளில் மட்டும் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல. பீட் என்ற வாத்துச் சின்னம் அந்த வேண்டுகோளை வீடுகளுக்குள் கொண்டுபோனது. விளைவில் ஒரு முக்கியமான பக்கம் உண்டு. டூசான் மக்கள் நேரத்தை மாற்றியதோடு நிற்காமல், படிப்படியாகப் புல்லையே கைவிட்டுச் சரளைக் கல்லுக்கும் பாலைவனச் செடிக்கும் மாறினார்கள். இதற்கு ஒரு பெயர் 1981இல் டென்வர் நகர நீர் வாரியத்தில் கிடைத்தது. ‘உலர்ந்த’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை நிலவடிவமைப்புக்கான ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி ‘ஸெரிஸ்கேப்’ என்றார்கள். தமிழில் அதை வறள்நிலத் தோட்டம் எனலாம்.

கலிபோர்னியா: சூத்திரமும் வெடித்த குழாய்களும்

1976–77 வறட்சி கலிபோர்னியாவை வேறு பாதைக்குத் தள்ளியது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மாரின் கவுண்டியில் ஏரிகள் வற்றியபோது, ரிச்மண்ட்–சான் ரஃபேல் பாலத்தின் மேல் அவசரக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு நீர் விடுவது அங்கே கிட்டத்தட்ட நின்றே போயிற்று. அடுத்த நீண்ட வறட்சியின்போது, 1990இல், சாண்டா பார்பரா நகரம் புல்தரைக்குத் தண்ணீர் விடுவதைத் தடை செய்தது. காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்துத் தரும் தொழில் அங்கே உடனே முளைத்தது. புல் செத்தாலும் நிறம் சாகக்கூடாது என்ற சமூகக் கட்டாயம் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அவசரத் தடைகள் மழை வந்ததும் மறைந்துவிடும். நிலைத்த விதி வேண்டும் என்று 1990இல் மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்தது. அதன்படி உருவான ‘மாதிரி நீர்ச்சிக்கன நிலவடிவமைப்பு ஒழுங்குவிதி’ 1993 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. நகரங்கள் அந்த மாதிரியை ஏற்கலாம், அல்லது அதற்கு இணையாகத் தாங்களே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். இந்த விதியின் புதுமை, நாளையும் நேரத்தையும் விட்டுவிட்டு ஒரு சூத்திரத்தை வைத்ததில் இருக்கிறது. ஓர் ஊரில் வெயிலாலும் காற்றாலும் ஓராண்டில் எத்தனை அங்குல நீர் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஆவியாகிறது என்பதை முதலில் எடுக்க வேண்டும். இதை அளக்க 1982 முதலே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத் துணையோடு வானிலை நிலையங்களின் வலையமைப்பு இயங்கிவந்தது. அந்த எண்ணைத் தோட்டத்தின் சதுர அடியால் பெருக்கி, அங்குலத்தைக் காலனாக்க 0.62ஆல் பெருக்கி, கடைசியாக ஒரு குறைப்புக் காரணியால் பெருக்கினால் கிடைப்பதே அந்தத் தோட்டத்தின் ஆண்டு உச்சவரம்பு.

அரசியல் முழுவதும் அந்தக் கடைசிக் காரணியில் ஒளிந்திருந்தது. தொடக்கத்தில் அது 0.8. அதாவது ஃபெஸ்கியூ புல்லைத் தாராளமாக வளர்க்கலாம். 2006இல் நிறைவேறிய சட்டத்துக்குப் பின் அது 0.7 ஆயிற்று. 2015இல் வீடுகளுக்கு 0.55, வணிகக் கட்டடங்களுக்கு 0.45 என்று சரிந்தது. புதிய வணிகக் கட்டடத்தின் முன் புல் போடவே முடியாத நிலை அது. ‘புல்லுக்குத் தடை’ என்ற சொல் விதியில் எங்கும் இல்லை. ஒரு தசம எண்ணின் மாற்றம் அந்த வேலையைச் செய்தது. புதிய கட்டடங்களுக்கும் பெரிதாகத் திருத்தியமைக்கப்படும் தோட்டங்களுக்கும் மட்டுமே இது பொருந்தும் என்பதால், ஏற்கெனவே இருந்த லட்சக்கணக்கான முற்றங்களை இது தொடவில்லை.

அந்த முற்றங்களுக்குப் பழைய கடிகார விதிகளே மிஞ்சின. அவற்றின் எல்லை எது என்பதை லாஸ் ஏஞ்சலஸ் தன் தெருக்களிலேயே கண்டது. 2009 ஜூன் முதல் அந்நகரம் புல்லுக்குத் தெளிப்பதைத் திங்கள், வியாழன் என இரண்டு கிழமைகளுக்குச் சுருக்கியது. நுகர்வு குறைந்தது. ஆனால் கோடை முடிவதற்குள் நகரமெங்கும் குழாய்கள் வெடிக்கத் தொடங்கின. செப்டம்பரில் ஸ்டூடியோ சிட்டி பகுதியில் பிரதானக் குழாய் ஒன்று வெடித்துத் தெரு ஆறாயிற்று. சில நாளில் வேலி வில்லேஜ் பகுதியில் உடைப்பைப் பார்க்க வந்த தீயணைப்பு வண்டியே பள்ளத்துக்குள் முன்பக்கமாக இறங்கிவிட்டது.

காரணத்தை ஆராய நகரம் நிபுணர் குழு அமைத்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஜான் பியர் பார்டே அதை வழிநடத்தினார். 2010இல் வெளிவந்த முடிவு எளிமையானது. இரண்டே கிழமைகளில் நகரம் முழுவதும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்ததால் அந்நாள்களில் அழுத்தம் தாழ்ந்து, மற்ற நாள்களில் உயர்ந்தது. வாரத்துக்கு இருமுறை ஏறி இறங்கிய அழுத்தத்தை, துருப்பிடித்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் தாங்கவில்லை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவதைப் போன்றதுதான் இது. நூறாண்டுக்கு முன் உச்சத்தைத் தணிக்கப் பிறந்த கடிகார விதி, இங்கே தானே ஓர் உச்சத்தை உண்டாக்கிவிட்டது. 2010இல் நகரம் வாரத்துக்கு மூன்று நாள் அனுமதித்து, ஒற்றைப்படைக் கதவிலக்கத்துக்கும் இரட்டைப்படைக்கும் வெவ்வேறு கிழமைகளைப் பிரித்துக் கொடுத்தது.

2014இல் இரண்டு தலைமுறை விதிகள் நேருக்கு நேர் மோதின. அந்த ஜூலையில் மாநில நீர்வள வாரியம், நடைபாதையில் வழிந்தோடும் அளவுக்குப் புல்லுக்கு நீர் விடுவோருக்கு நாளொன்றுக்கு 500 டாலர்வரை அபராதம் என்று அறிவித்தது. அதே வாரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஒரு சிறு நகரத்துத் தம்பதிக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. தண்ணீரைச் சேமிக்க வாரத்துக்கு இருமுறை மட்டும் விட்டதால் அவர்களுடைய புல் பழுத்திருந்தது. அதைப் பச்சையாக்காவிட்டால் 500 டாலர்வரை அபராதம் என்றது கடிதம். விட்டாலும் 500, விடாவிட்டாலும் 500. வறட்சி அவசரநிலையில் பழுத்த புல்லுக்காக வீட்டு உரிமையாளர் சங்கங்கள் அபராதம் விதிக்கக் கூடாது என்று 2014இலும், நகராட்சிகளும் விதிக்கக் கூடாது என்று 2015இலும் மாநிலம் சட்டம் இயற்றியது. லெவிட்டவுன் காலத்து மரபு கலிபோர்னியாவில் சட்டப்படி தளர்ந்தது அப்போதுதான்.

2015 ஏப்ரல் 1 அன்று சியரா நெவாடா மலையில், வழக்கமாக ஆளுயரப் பனி கிடக்க வேண்டிய இடத்தில் வெறும் புல் தெரியும் நிலத்தில் நின்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 25 விழுக்காட்டு நகர்ப்புறக் குறைப்பை அறிவித்தார். 5 கோடி சதுர அடிப் புல்லை அகற்றுவது, குடிநீரால் சாலை நடுத்திட்டுப் புல்லை நனைப்பதைத் தடை செய்வது ஆகியவையும் அந்த ஆணையில் இருந்தன. அடுத்த ஓராண்டில் குறைப்பு ஏறத்தாழ 24 விழுக்காட்டை எட்டியது. விதி எல்லோரையும் ஒன்றுபோல் பிடித்தது என்று மட்டும் சொல்ல முடியாது. பெல் ஏர் என்ற செல்வர் பகுதியில் ஒரே வீடு ஓராண்டில் 1 கோடியே 18 லட்சம் காலன், அதாவது சுமார் 4.5 கோடி லிட்டர், செலவழித்ததைப் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். வாடிக்கையாளர் பெயரைச் சட்டம் மறைத்ததால் அந்த வீட்டுக்காரர் யாரென்று கடைசிவரை அறிவிக்கப்படவில்லை. தெளிக்கும் கிழமையை மட்டும் கேட்கும் விதி, பணமுள்ளவரை அசைக்காது.

லாஸ் வேகாஸ்: ஆற்றுக் கணக்கிலிருந்து பிறந்த விதி

கொலராடோ ஆற்றின் கீழ்ப்படுகை நீரை 1928ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாநிலங்களுக்குப் பிரித்தது. கலிபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஏக்கர் அடி. நெவாடாவின் பங்கு சுமார் 13 டி.எம்.சி.தான். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு. 1930இல் லாஸ் வேகாஸின் மக்கள்தொகை 5,165 என்பதால் இது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. இன்று அதே பங்கை நம்பி, லாஸ் வேகாஸ் அடங்கிய கிளார்க் கவுண்டியில் 22 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள்.

இந்தச் சிறிய எண்ணைப் பெரிதாக்கும் ஒரு வழி 1964இல் திறந்தது. அரிசோனாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த தீர்ப்பாணை, ஒரு மாநிலத்தின் ‘நுகர்வு’ என்பது ஆற்றிலிருந்து எடுத்ததில் ஆற்றுக்குத் திரும்பியதைக் கழித்து மிஞ்சுவது என்று வரையறுத்தது. லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, ஓர் ஓடை வழியே, தண்ணீர் எடுத்த அதே கொலராடோ ஆற்று அணைத்தேக்கமான மீட் ஏரிக்குத் திரும்பிப் போகிறது. போன ஒவ்வொரு காலனுக்கும் ஈடாக இன்னொரு காலன் எடுக்கலாம். குளியலறையில், சமையலறையில், கழிப்பறையில் செலவாகும் நீர் ஏறத்தாழ முழுவதும் இப்படித் திரும்புகிறது. புல்லுக்கு விட்ட நீர் திரும்புவதில்லை. அது வானத்துக்குப் போய்விடுகிறது.

இந்த ஒரு வரையறையே லாஸ் வேகாஸின் விதிகள் அனைத்துக்கும் வேர். மற்ற ஊர்களில் ‘குளியலைச் சுருக்குங்கள்’ என்று சொல்லப்படும் இடத்தில், இங்கே நிர்வாகம் முற்றத்தையே குறிவைத்தது. சூதாட்ட விடுதிகளின் வெளிச்சத்தில் ஆடும் நீரூற்றுகளைப் பார்த்து முகம் சுளிக்கும் பயணிகள் இதை அறிவதில்லை. 1998இல் திறந்த பெல்லாஜியோ விடுதியின் நீரூற்று ஏரி ஆற்றுநீரைத் தொடுவதேயில்லை. அந்த இடத்தில் முன்பிருந்த கோல்ஃப் மைதானத்துப் புல்லை நனைத்த சொந்தக் கிணற்று நீரில்தான் அது ஆடுகிறது. ஊரின் தண்ணீரைக் குடித்தது அலுவலகக் கட்டட முகப்பிலும் சாலை ஓரத்திலும் யாரும் கால் வைக்காத புல்தான்.

1991 பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கு நீர் வாரியம் புதிய கட்டுமானங்களுக்குத் தண்ணீர் உறுதிக் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவைத்தது. கட்டுமானத்தால் வாழும் ஊரில் அது சிறிய அதிர்ச்சி அல்ல. அதுவரை ஒரே ஏரிக்காகத் தங்களுக்குள் போட்டியிட்ட ஏழு அமைப்புகள் அதே ஆண்டில் தெற்கு நெவாடா நீர் ஆணையம் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. அதன் பின்னிருந்த விசை வாரியத்தின் பொது மேலாளர் பாட்ரிசியா முல்ராய். ஆணையம் நேரடியாக அபராதம் போடுவதில்லை. அது கொள்கையை வகுக்கும், நகரமன்றங்களும் கவுண்டியும் அதைத் தத்தம் சட்டமாக இயற்றும்.

அபராதத்துக்கு முன் அளவீடு வந்தது. ஆணையம் தொண்ணூறுகளில் தொடங்கி நூற்றுக்கணக்கான வீடுகளில் தனி மீட்டர் பொருத்திப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியாயிற்று. புல்தரைக்கு ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 73 காலன், வறள்நிலத் தோட்டத்துக்கு 17.2 காலன் என்றது அது. 73 காலன் என்றால் அந்தச் சதுர அடியின் மேல் கிட்டத்தட்ட 10 அடி உயரத்துக்கு நீர். வானம் தருவது 4 அங்குலம். எஞ்சியதையெல்லாம் ஆறு தந்தது.

1999 முதல் ஆணையம் புல்லைப் பிடுங்குவோருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துவருகிறது. சில பத்துச் செண்டுகளில் தொடங்கிய தொகை 2003இல் 1 டாலராகி, பின்னர் 3 டாலரையும் எட்டியது. பணம் வாங்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. புல் போன இடத்தில் வெறும் கல்லைக் கொட்டிவிடக் கூடாது, நட்ட செடிகள் வளர்ந்தபின் பாதிப் பரப்பையாவது நிழலிட வேண்டும். மற்றொன்று, அந்த இடத்தில் மீண்டும் புல் போடுவதில்லை என்ற உறுதி நில ஆவணத்தில் பதிவாகும், வீட்டை வாங்குபவரையும் அது கட்டும். லெவிட்டவுன் பத்திரம் புல்லை வெட்டச் சொன்னது, இந்தப் பத்திரம் புல்லை நடாதே என்கிறது. கருவி ஒன்றுதான், திசைதான் மாறிவிட்டது. சுமார் இருபது ஆண்டுகளில் 20 கோடி சதுர அடிக்கும் மேற்பட்ட புல் இத்திட்டத்தால் மறைந்தது.

தடைகள் 2002க்குப் பின் வந்தன. அந்த ஆண்டு கொலராடோவில் வந்த நீர் வழக்கமானதில் நான்கில் ஒரு பங்குதான். நெவாடாவின் நுகர்வோ 3.25 லட்சம் ஏக்கர் அடி, பங்கைவிட அதிகம். அடுத்த ஓரிரு ஆண்டில் புதிய வீடுகளின் முன்புறத்தில் புல் தடை செய்யப்பட்டது, பின்புறத்தில் பாதிக்கு மேல் கூடாது என்றானது. கோல்ஃப் மைதானங்களுக்கு ஏக்கருக்கு 6.3 ஏக்கர் அடி என்று வரம்பு வந்தது, அது பின்னர் 4 ஆகச் சுருங்கியது. பழைய புல்தரைகளுக்குக் கிழமை விதி. நவம்பர் முதல் பிப்ரவரிவரை வாரத்துக்கு ஒரு நாள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூன்று நாள், கோடையில் ஞாயிறு நீங்கலாக எந்த நாளும். கோடையில் முற்பகல் 11 மணி முதல் இரவு 7 மணிவரை தெளிக்கக் கூடாது. பள்ளத்தாக்கு பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கிழமை தரப்பட்டதால், லாஸ் ஏஞ்சலஸ் கண்ட குழாய் வெடிப்பு இங்கே நேரவில்லை.

தெளிக்கும் நிமிடத்துக்கும் ஆணையம் வழி சொல்கிறது. பாப்–அப் தெளிப்பான் கொட்டும் வேகத்தில் அந்த ஊர் மண் நீரை உறிஞ்சாது. பன்னிரண்டு நிமிடம் ஒரேயடியாக விட்டால் பாதி நடைபாதைக்குப் போகும். ஆகவே நான்கு நிமிடம் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் நான்கு நிமிடம், இப்படி மூன்று முறை. நடைபாதையில் வழியும் நீரே விதிமீறலுக்குச் சான்று. நீர் வாரிய ஆய்வாளர்கள் வண்டியில் தெருத்தெருவாகச் சுற்றி, உடைந்த தெளிப்பானிலிருந்து சாக்கடை வாய்வரை ஓடும் நீரைத் தேதி, நேரம் சொல்லி வீடியோ எடுப்பார்கள். முதலில் எச்சரிக்கை, அடுத்து அபராதம், திரும்பத் திரும்பப் பிடிபட்டால் அது இரட்டிப்பாகும். தொகை மாதத் தண்ணீர் பில்லிலேயே ஏறிவிடும்.

அலங்காரப் புல்லுக்கு முடிவு

2021 ஜூன் 4 அன்று ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக் கையெழுத்திட்ட 356ஆம் எண் மசோதா, ஊக்கத்தொகையும் கிழமை விதியும் தொட முடியாத மிச்சத்தைத் தொட்டது. கொலராடோ ஆற்று நீரால் ‘பயன்பாடற்ற புல்லை’ நனைப்பதை அது தெற்கு நெவாடாவில் 2027 ஜனவரி 1 முதல் தடை செய்கிறது. சாலை நடுத்திட்டு, வட்டச் சந்திப்பு, அலுவலக வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பு முகப்பு, சங்கங்களின் பொதுப்புல் ஆகியவை அதில் அடங்கும். பூங்கா, பள்ளி, விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம் தப்பின. தனி வீடுகளின் புல்லையும் சட்டம் விட்டுவிட்டது. எது பயன்பாடு என்ற கேள்வி எளிதாகத் தோன்றும், ஆனால் அடுக்குமாடி வளாகத்தில் நாயை உலாத்தும் புல் எந்தக் கணக்கில் சேரும் என்பதை முடிவு செய்ய ஓர் ஆலோசனைக் குழுவே தேவைப்பட்டது. பட்டியலில் வந்தது சுமார் 3,900 ஏக்கர். மிச்சமாகும் என்று மதிப்பிட்டது ஆண்டுக்கு 950 கோடி காலன், அதாவது 1.27 டி.எம்.சி., நெவாடா பங்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்று.

சட்டம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், 2021 ஆகஸ்டில், கூட்டாட்சி அரசு கொலராடோ ஆற்றில் முதன்முறையாக அதிகாரபூர்வப் பற்றாக்குறையை அறிவித்தது. 2022 ஜூலையில் மீட் ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1,041 அடிக்கு இறங்கியது. அணை முதன்முறை நிரம்பிக்கொண்டிருந்த 1937க்குப் பின் அதுவே மிகத் தாழ்வு. அந்தப் பதற்றத்தில் உள்ளூர் விதிகள் புல்லைத் தாண்டின. 2022 செப்டம்பர் முதல் கிளார்க் கவுண்டியில் புதிய வீட்டு நீச்சல்குளம் 600 சதுர அடிக்கு மேல் கூடாது. புதிய வணிகக் கட்டடங்களில் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் எந்திரங்களும் தடையாயின. இவற்றுக்குப் பின்னாலும் 1964ஆம் ஆண்டு வரையறையே நிற்கிறது: ஆவியாவது திரும்பாது. 2023இல் இன்னொரு சட்டம், ஆற்றில் பற்றாக்குறை மோசமானால் தனி வீடொன்றின் ஆண்டு நுகர்வை அரை ஏக்கர் அடிக்கு, நாளொன்றுக்குச் சுமார் 1,700 லிட்டருக்கு, வரையறுக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்தது. பெல் ஏர் வீட்டைத் தொட முடியாத கிழமை விதியின் ஓட்டையை அடைக்கும் ஏற்பாடு இது. 2023இல் நெவாடாவின் மொத்த நுகர்வு சுமார் 1.88 லட்சம் ஏக்கர் அடி. 2002இல் இருந்ததைவிட மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கு மேல் கூடியும், நுகர்வு நாற்பது விழுக்காடு குறைந்திருக்கிறது.

கலிபோர்னியாவும் இந்த வழிக்கு வந்தது. 2023 அக்டோபரில் கையெழுத்தான சட்டம், வணிக, தொழில், நிறுவன வளாகங்களில் பயன்பாடற்ற புல்லைக் குடிநீரால் நனைப்பதை 2027இல் அரசுக் கட்டடங்களில் தொடங்கிப் படிப்படியாகத் தடை செய்கிறது. சங்கங்களின் பொதுப்புல்லுக்கு 2029வரை அவகாசம். அங்கும் தனி வீட்டுப் புல் இதில் சேரவில்லை.

லாஸ் வேகாஸில் எழுந்திருக்கும் புதிய தகராறு மரங்களைப் பற்றியது. புல்தரையில் நட்ட பழைய மரங்களுக்குத் தனிக் குழாய் கிடையாது. புல்லுக்கு விழுந்த தண்ணீரிலேயே முப்பது, நாற்பது ஆண்டு வளர்ந்தவை அவை. தெளிப்பான் நின்றதும், வேரருகே சொட்டுநீர்க் குழாய் போடாத வளாகங்களில் மரங்கள் காயத் தொடங்கின. 2024 ஜூலை 7 அன்று நகரத்தில் 120 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாயிற்று, அதுவரை அங்கே பதிவானதில் அதுவே உச்சம். நிழல் கேட்டுக் குடியிருப்போர் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். மரம் சாகாமல் புல்லை எடுக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறார்கள்.